கடையில் வரும் கணக்கு வகுப்பில் ஏன் வருவதில்லை? என் வகுப்பில் பார்த்தது

பள்ளியில் தியரியைத் தூக்கிப்போட்டுவிட்டு வாழ்க்கைக்கு உதவும் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று இந்த விவாதத்தில் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், சாயங்காலம் அப்பாவின் காய்கறிக் கடையில் நிற்பான். தக்காளி கிலோ 36 ரூபாய் விற்ற அன்று முக்கால் கிலோ கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே "இருபத்தேழு சார்" என்றான். எப்படிடா என்றால், "அரைக்கிலோ பதினெட்டு, கால்கிலோ ஒன்பது, அவ்வளவுதானே சார்!" அதே பையனுக்கு வகுப்பில் 36 × 0.75 கொடுத்தேன். பெருக்கலை ஒழுங்காகப் போட்டுவிட்டு, புள்ளியை இடம் மாற்றி வைத்து 2.70 என்று நீட்டினான், அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்றே அவனுக்குத் தோன்றவில்லை. கடையில் யாராவது முக்கால் கிலோவுக்கு 2 ரூபாய் 70 காசு கொடுத்திருந்தால் விட்டிருப்பானா?

இது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1985-ல் வந்தது. வியாபாரத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் செய்து 2025-ல் வெளியிட்ட ஆய்விலும் பார்த்தது இதேதான். அதோடு பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுவதையும் பார்த்தார்கள்.

அந்த இரண்டாவது விஷயம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்கா மகள் பத்தாம் வகுப்பு, கணக்கில் நல்ல மார்க், ஜியாமெட்ரியும் கிராஃபும் போட்டால் 16 மார்க் உறுதி என்று அதையே போட்டுப் போட்டுப் பழகியவள். கரண்ட் பில்லைக் கையில் கொடுத்து இது எப்படி வந்தது என்று கேட்டால் முழிக்கிறாள். ரெண்டு மாசத்துக்கு முதல் சில யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும், 500-ஐத் தாண்டிவிட்டால் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். ஒன்று மாறினால் அதைப் பொறுத்து இன்னொன்று எப்படி மாறும் என்று சொல்கிற, அவள் படித்த சார்பு (function) என்கிற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? பாடத்தையும் பில்லையும் சேர்த்துவைத்து யாரும் அவளுக்குக் காட்டவே இல்லை.

சேர்த்துக் காட்டுவதுதான் நம் வேலை, அது தானாக நடக்காது. அந்தப் பையன் கடையில் சொன்னதை அப்படியே போர்டில் எழுதினேன்: 36 × ½ + 36 × ¼. "பிரித்துப் பெருக்கிக் கூட்டுவது, இதுதான்டா பங்கீட்டுப் பண்பு, நீ தினமும் செய்கிறது" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். உடனே அடுத்ததைக் கேட்டேன், எலக்ட்ரானிக் தராசில் 670 கிராம் வந்தால் என்ன செய்வாய்? அங்கே அரை, கால் உதவாது. கால்குலேட்டர்தான் தட்டுவேன் என்றான். எந்த எடைக்கும் பொருந்தும் ஒரே வழி வேண்டுமென்றால் தசமப் பெருக்கலுக்கு வந்துதான் ஆக வேண்டும். இப்போது விடை வந்ததும், அரைக்கிலோ விலையைவிடக் கூட இருக்கிறதா, முக்கால் கிலோவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோட்டைக் காட்டுகிறான்.

இப்படி வாழ்க்கையோடு சேர்த்துக் காட்ட எனக்கு இன்னும் பிடிபடாதது குறை எண் பெருக்கல். கடன், லாபம், நஷ்டம் எல்லாம் கூட்டல் கழித்தல் வரைக்கும் வருகிறது, மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்பதற்குப் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி யாராவது வகுப்பில் செய்து பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள்.