பெர்சிபோலிஸில் தூண் நிற்கிறது, சுவர் எங்கே?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் மரவேலை பார்க்கிறேன். பர்மா தேக்குத் தூண் என்றால் சாப்பாடு மறந்துவிடும். ஈரானில் பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் கட்டத் தொடங்கிய பெர்சிபோலிஸ் அரண்மனைப் படங்களில் கல் தூணும் கல் நிலையும்தான் நிற்கின்றன. சுவர், கூரையெல்லாம் என்ன ஆயிற்று? உத்திரம் என்ன மரம்?

பதில்: அண்ணே, சுவர் பச்சைச் செங்கல். கி.மு. 330இல் அலெக்சாந்தர் எரித்தபோது கூரை போயிற்று. கூரையில்லாத மண்சுவர் எத்தனை மழை தாங்கும்? அபதானா மண்டபத்தின் 72 தூண்களில் இன்று நிற்பவை 13.

பதில்: தம்பி சொல்வது சரி. கல்லுக்குக் கல் சாந்தே கிடையாது. இரும்புக் கவ்வி வைத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த உலோகத்துக்காகவே கல்லைக் குடைந்தார்கள், வயிறு எரிகிறது.

அப்புறம், அபதானாவின் கிழக்குப் படிக்கட்டுச் சிற்பங்களை அவசியம் பாருங்கள். காணிக்கை கொண்டுவரும் 23 நாட்டாரில் சிந்துக்கரைக்காரர்களும் உண்டு. வேட்டி மட்டும் கட்டிய ஒருவர் தோளில் காவடி போலத் தண்டு சுமக்கிறார். இரண்டு முனையிலும் கூடை, அதில் சின்னச் சின்ன முடிப்புகள். பொன் தூள் என்கிறார்கள். பின்னால் ஒரு கழுதை.

பதில்: மரம் கேட்டீர்களே, தேவதாரு. அரண்மனையில் அது மிகுதியாக இருந்ததால் தீ சட்டென்று பரவியது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதியிருக்கிறார்.