நூறு ரூபாய்க்குள் இங்க் பேனா: உங்களுக்கு எப்படி அமைந்தது?

சேலத்துக்காரன்:
பால்பாயிண்ட்டை அழுத்தி அழுத்தி எழுதி நடுவிரலில் காய்ப்பு விழுந்ததால் மறுபடி இங்க் பேனாவுக்கு வந்தவன் நான். கடைவீதியில் எழுபது ரூபாய்க்கு வாங்கியது, மூடியில் பேர்கூடக் கிடையாது. மை ஊற்றினால் இரண்டு வரி எழுதும், அப்புறம் வெறுமனே கீறும், உதறினால் நோட்டெல்லாம் பொட்டு. இப்படி ஒன்று வந்து மாட்டினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். நிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் நாக்கையும் உருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள். தயாரிக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போகிறவரை நாக்கின் காடியில் மை ஒழுங்காக இறங்காது.

அப்படியும் மக்கர் செய்தால் நிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கிற பிளவு, அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து நுனிவரை ஒடுங்கிக்கொண்டே போனாலும் மயிரிழை வெளிச்சமாவது தெரிய வேண்டும். என்னுடையதில் இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தது. அரை பிளேடின் மூலையைப் பிளவில் விட்டு, நுனிவரை போகாமல், மெதுவாக இழுத்துவிட்டேன். இப்போது மூடியைத் திறந்து வைத்த மாத்திரத்தில் எழுதுகிறது. நுனியில் ஒட்டியிருக்கும் கெட்டியான உலோகத் துளியில் மட்டும் கை வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நிப்பைச் சிமெண்ட் தரையில் தேய்த்துப் 'பட்டை' போடுவோமே, தேய்ந்து போனது அந்தத் துளிதான், அதன் பிறகு தாளைக் கிழிக்காமல் என்ன செய்யும்?

திருத்தும் டீச்சர்:
பேனாவை விட்டுத்தள்ளுங்கள் சார், எந்த மை என்று சொல்லவே இல்லையே. ராயல் ப்ளூ பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கரைகிற ரகம். சட்டைக்கு நல்லது, பதிவேட்டுக்கு ஆகாது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் மார்க் ரிஜிஸ்டர் மேல் ஈர டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பாதிப் பேருக்கு நீல வட்டம்தான் மார்க். அதிலிருந்து பதிவேடு, செக், கையெழுத்து எல்லாவற்றுக்கும் பெர்மனென்ட் கருப்பு. சொந்த நோட்டில் மட்டும் ராயல் ப்ளூ, அந்த நிறத்தை விட மனசு வராது. பெர்மனென்ட் போட்டால் மாதம் ஒருமுறையாவது பேனாவைக் கழுவுங்கள், காய்ந்துவிட்டால் நாக்கிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

இடக்கையன்:
நான் இடது கைக்காரன். எழுதி முடித்த வரி மேலேயே கை ஊர்ந்து போகும், சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கை ஓரம் முழுக்க நீலம். மெல்லிய நிப்புக்கு மாறினேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதி தாளில் இருக்கிறது. சாதாரண ரூல் நோட்டில் மை சீக்கிரம் காயும், ஆனால் எழுத்தைச் சுற்றி வேர்விட்டுப் பின்பக்கமும் ஊறிவிடும். வழவழத் தாளில் எழுத்து அழகாக நிற்கும், காய்வதற்குள் என் கை துடைத்துவிடும். எனக்குத் தோதானது டிஎன்பிஎல் ஜெராக்ஸ் தாள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துச் செய்கிறார்களே, அதே கம்பெனி. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) கட்டு ஒன்று வாங்கிக் கடையிலேயே இரண்டாக வெட்டி ஸ்பைரல் போடச் சொல்லிவிடுவேன். விலை கூடிய ஃபாரின் நோட்டெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

மேட்டுப்பாளையம் பஸ்:
நீங்கள் எல்லாம் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு வேலை விஷயமாக அடிக்கடி போகிறவன், சட்டைப் பையில் பேனா. கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஒருநாள் மார்பில் ஜில்லென்று இருந்தது, குனிந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வயலெட். பேனா உடையவில்லை, மூடியும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், கடலோர ஊர்களின் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் அங்கே. மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதேபோல் பேனாவுக்குள் அடைபட்ட காற்றும் விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பாதி காலியான பேனாதான் மோசம், காற்று அதிகம். ஃபில்லரால் (சொட்டுக் குழாய்) பேனாவின் உடம்பிலேயே மை ஊற்றுகிற ரகத்தில் இன்னும் மோசம், பாதி காலியாகிவிட்டால் கையில் பிடித்த சூட்டுக்கே சொட்டும். முழுக்க நிரப்புங்கள், இல்லை காலியாக்குங்கள், நிப் மேலே பார்த்தபடி வையுங்கள். டவுன் பஸ்ஸுக்கு இதெல்லாம் தேவையில்லை.

பர்மா பஜார்:
எங்கள் வீட்டில் அப்பா எண்பதுகளில் பர்மா பஜாரில் வாங்கிய சீனப் பேனா ஹீரோ 616 இருக்கிறது. 1941-இல் வந்த பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்த உருவம், நிப் மூக்கு மாதிரி இருக்கும் உறைக்குள் ஒளிந்து நுனி மட்டும் தெரியும். அதனால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலும் சட்டென்று காய்வதில்லை, யோசித்து யோசித்து எழுதுகிற எனக்கு அதுதான் வசதி. நிப்பை மைக்குள் வைத்துப் பின்னால் இருக்கும் உலோகப் பட்டையை அழுத்தி, குமிழி நின்றதும் விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பாதிதான் ஏறும். இப்போது அதே பேரில் கிடைப்பதில் எது அசல் எது போலி என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம், கடைக்காரரிடம் எழுதிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடியுங்கள்.

ஆனால் கழுத்து மரையில் இப்போது லேசாகக் கசிகிறது, விரலில் கறை. வாஸ்லின் தடவச் சொல்கிறார்கள், ரப்பர் பாகம் இருந்தால் அது கெட்டுவிடும் என்பதால் தயங்குகிறேன்.

சேலத்துக்காரன்:
வாஸ்லின் வேண்டாம், சிலிகான் கிரீஸ் வாங்குங்கள், பிளம்பிங் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். மரையில் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மெல்லிசாக ஒரு சுற்று போதும், நாக்குப் பக்கம் பட்டால் மை இறங்காது. டீச்சர், அந்தப் பெர்மனென்ட் கருப்பு எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லையே?