கீபோர்டு வாசிக்கத் தெரியும், தியரி சுத்தமாகத் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

கோவைக்காரன்:
வணக்கம். வீட்டில் 61 கீ உள்ள கீபோர்டு ஒன்று இருக்கிறது. யூடியூபில் கலர் கலராகக் கோடுகள் மேலிருந்து விழுமே, அந்த வீடியோக்களைப் பார்த்து சினிமாப் பாட்டு சிலது வாசிப்பேன். என்ன வாசிக்கிறாய் என்று கேட்டால் பதில் கிடையாது. பாடுகிற நண்பன் ஒருவன் "எனக்கு ரெண்டரைக் கட்டைதான், அதுல வாசி" என்றான், கட்டை என்றால் பாடுகிற சுருதி என்று மட்டும் தெரியும், எந்தக் கீ என்று தெரியாமல் முழித்தேன். தியரி என்று தேடினால் ஒரு பக்கம் கிரேடு பரீட்சைப் புத்தகம், இன்னொரு பக்கம் 72 மேளகர்த்தா என்கிற கர்நாடக இசைத் தாய் ராகப் பட்டியல், நடுவில் ஒரே மாதத்தில் இசையமைப்பாளர் ஆக்குகிறேன் என்று காசு கேட்கிற கோர்ஸ். வேலைக்குப் போகிற ஆள், ராத்திரி அரை மணி நேரம்தான் கிடைக்கும். செலவில்லாமல் உருப்படியாக ஏதாவது சொல்லுங்களேன்.

மத்யமகாலம்:
காசு கட்டவே கட்டாதீர்கள், ஆரம்பத்துக்குத் தேவையானது எல்லாம் சும்மாவே கிடைக்கிறது. மியூசிக்தியரி.நெட் தளத்துக்குப் போங்கள். ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம், படத்தோடு ஒவ்வொரு படியாக நகரும், பயிற்சியும் உண்டு. ஆரம்பத்தில் வரும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதும் முறை) பாடத்தைப் பார்த்து மிரள வேண்டாம், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஸ்கேல் (ஸ்வர வரிசை), இன்டர்வெல் (இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் உள்ள தூரம்), கார்டு (சேர்த்து அமுக்கும் ஸ்வரங்கள்) மூன்றிலும் உட்காருங்கள்.

ஆனால் படிப்பதை அன்றைக்கே கீபோர்டில் தொட்டுப் பார்க்காவிட்டால் எந்தத் தளமும் உதவாது. சி-யில் (இரண்டு கறுப்புக் கீ சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கத்து வெள்ளை) தொடங்கி வெள்ளைக் கீயில் ஒன்று விட்டு ஒன்று மூன்றை அமுக்குங்கள்: சி, இ, ஜி. இப்போது கறுப்பு வெள்ளை பாகுபாடு பார்க்காமல் எண்ணினால், சி-யிலிருந்து இ 4 கீ தள்ளி, இ-யிலிருந்து ஜி 3 கீ தள்ளி. அது மேஜர் கார்டு. அதே கையை டி-க்கு நகர்த்தினால் டி, எஃப், ஏ. இங்கே முதலில் 3, அப்புறம் 4. அது மைனர். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் கார்டு அட்டவணையை மனப்பாடம் செய்கிற வேலையே இல்லை.

ஆர்மோனியப்பெட்டி:
கட்டை விஷயம் ரொம்ப சுலபம் தம்பி. சி 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5. நடுவில் வரும் கறுப்புதான் அரை. டி-க்கும் இ-க்கும் நடுவில் இருப்பது ரெண்டரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பே கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

72 மேளத்தையும் உருப்போட வேண்டாம். முதல் 36-க்கு சுத்த மத்யமம் (கீழ் ம), அடுத்த 36-க்குப் பிரதி மத்யமம் (ஒரு கீ மேலே உள்ள ம), வித்தியாசம் அந்த ஒரு ஸ்வரம்தான். சி-யை ஸ-வாக வைத்து வெள்ளைக் கீ ஏழையும் வாசித்தால் சங்கராபரணம், 29வது மேளம், மேஜர் ஸ்கேலும் அதுவே. எஃப்-ஐ மட்டும் பக்கத்துக் கறுப்புக்கு மாற்றுங்கள், கல்யாணி, 65வது. பேராசிரியர் சாம்பமூர்த்தி எழுதிய தென்னிந்திய இசை பற்றிய 6 தொகுதிகள் நல்ல புத்தகம்தான், ஆனால் இப்போதைக்கு அது பெரிய சாப்பாடு. பக்கத்தில் யாரிடமாவது சரளி வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜி_ஷார்ப்:
ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். ஸ்வரஸ்தானம் (ஸ்வரம் நிற்கும் கீ) ஒன்று என்பதால் சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும் ஒன்றாகிவிடாது. ராகத்துக்கு கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) உண்டு, பிடி (அந்த ராகத்துக்கே உரிய சின்னச் சொற்றொடர்) உண்டு. தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது க, எந்தக் கீயிலும் அசையாமல் நிற்காது, சாதாரண கீபோர்டில் அதைத் தேடினால் வெறுத்துப் போவீர்கள். கர்நாடக இசையில் கார்டு கிடையாது, மேற்கத்தியத்தில் கமகம் பேச்சு கிடையாது. சினிமாப் பாட்டுக்குக் கை கார்டு போட வேண்டும் என்றால் முதலில் மத்யமகாலம் சொன்ன வழியே போங்கள், ராகம் அப்புறம் வரட்டும்.

கிரேடு பரீட்சை எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் ஸ்டாஃப் நொட்டேஷனை ஒழுங்காகப் படியுங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம், டிரினிட்டி இரண்டும் கிரேடு பரீட்சை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகள். ஏ.பி.ஆர்.எஸ்.எம்-இல் 6ஆம் கிரேடு வாசிப்புப் பரீட்சைக்குப் போக 5ஆம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறு 5ஆம் கிரேடோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எழுதிப் பழக மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம், தப்பாக எழுதினால் அதுவே வாசித்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, காது. பாட்டு ஓடும்போது ஸ எது என்று முனகிக் கண்டுபிடித்துக் கீயில் சரிபாருங்கள். பஸ்ஸில் போகும்போதே முனகிப் பார்க்கலாம், காசா பணமா.

கோவைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஏழு கீயிலும் ஒன்று விட்டு ஒன்று அமுக்கிப் பார்த்தேன். சி, எஃப், ஜி மேஜர். டி, இ, ஏ மைனர், சரியா? பி-யில் மட்டும் கணக்கு உதைக்கிறது, கேட்கவும் ஒரு மாதிரி இருக்கிறது.

மத்யமகாலம்:
சரிதான். பி, டி, எஃப் என்றால் இரண்டு பக்கமும் 3 தான் வரும், அதனால் மேஜரும் இல்லை மைனரும் இல்லை, டிமினிஷ்டு (குறுகிய கார்டு). அதைப் பிடித்துக்கொண்டே நின்றால் அரைகுறையாகத்தான் கேட்கும். பி-யை சி-க்கும் எஃப்-ஐ இ-க்கும் நகர்த்தி சி மேஜரில் போய் இறங்குங்கள், எதற்காக இருக்கிறது என்று காதுக்கே தெரியும்.