கேஸில்வேனியா: யாருங்க இந்த ஜேம்ஸ் பனானா?

ஊதிப்போட்ட கேசட்:
ரெண்டு வருஷமா விட்டுவிட்டு ஆடின கேஸில்வேனியா வீடியோ கேம், ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒருவழியா கடைசி வில்லன் டிராகுலாவை முடிச்சேன். (அருவா வீசுற அந்த எமன்கிட்டயே நாப்பது தடவை செத்திருப்பேன்.) கோட்டை இடிஞ்சு விழுந்ததும் பேர் ஓடுது. "இசை: ஜேம்ஸ் பனானா." வாழைப்பழமா? எமன் வேஷம் பெலோ லுகோசியாம். மத்ததெல்லாம் போகட்டும், முதல் ஸ்டேஜ் பாட்டு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. போட்டது நிஜத்துல யாரு?

சால்டரிங் சார்:
தம்பி, அது ஒருத்தர் இல்ல, ரெண்டு பொண்ணுங்க. கினுயோ யமாஷிதா, சதோயே தெராஷிமா. 1986ல வந்த கேம். யமாஷிதா இந்த கேமைப் பண்ணின கொனாமி கம்பெனில வேலைக்குச் சேர்ந்த புதுசு அப்போ.

பேரு பூரா பழைய பேய்ப்பட நக்கல். டிராகுலா படங்களுக்கு இசை போட்ட ஜேம்ஸ் பெர்னார்டுதான் பனானா ஆயிட்டார். டிராகுலாவா நடிச்ச கிறிஸ்டோபர் லீ, கிறிஸ்டோபர் பீ ஆயிட்டார். கதை எழுதினது விராம் ஸ்டோக்கர்னு போட்டிருக்கும் பாருங்க, அது டபுள் நக்கல்: டிராகுலா நாவல் எழுதின பிராம் ஸ்டோக்கர் பேருக்குள்ள வீடியோ மெமரியோட சுருக்குப் பேரான விராம்-ஐச் சொருகிட்டாங்க. எனக்கு அதுதான் பிடிச்சது.

நக்கலுக்கு மட்டும் இல்ல. நிஜப் பேர் வெளிய தெரிஞ்சா எதிர்க் கம்பெனிக்காரன் ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவான்னு ஜப்பான்ல அப்ப பயம். அதான் கேப்காம் கம்பெனியோட மெகாமேன் 2 கேம்லயும் இசையமைச்ச தகாஷி ததேய்ஷி பேர் வராது, "ஒகெரெட்சு குன்"னு ஒரு பட்டப்பேர்தான் வரும்.

இன்னொரு தடவை அந்தப் பாட்டைக் கேக்கும்போது கீழ்க்குரலைப் பிடிச்சுக் கேளுங்க. கேம் மெஷினோட ஒலிச் சிப்புல மெட்டுக்குச் சதுர அலை ரெண்டே ரெண்டு, பேஸுக்கு ஒரு முக்கோண அலை. அதுக்கு ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது, போடு இல்ல நிறுத்து. டிரம் மாதிரி வர்ற "ச்ச்" வெறும் இரைச்சல் சேனல். சாமான் ரொம்பக் கொஞ்சம். அதுல அந்தப் பாட்டு!

நாலு கேபி:
ஜப்பானை மட்டும் சொல்லாதீங்க சார். அமெரிக்காவுல அடாரி கேம் கம்பெனியும் பேர் போடல. அங்க கேம் எழுதின வாரன் ராபினெட் என்ன பண்ணார்? "அட்வென்ச்சர்" கேம்ல யார்கிட்டயும் சொல்லாம ஒரு ரகசிய அறை கட்டி, உள்ள தன் பேரைப் பளபளன்னு மின்ன விட்டார். சாவி? பின்னணி நிறத்துலயே ஒரே ஒரு புள்ளி. மொத்த கேமே 4 கேபி (கிலோபைட்), அதுல இதுக்கும் இடம் ஒதுக்கியிருக்கார் மனுஷன். அவர் வேலையை விட்டுப் போன பிறகு, 1980ல ஒரு பையன் கண்டுபிடிச்சுக் கம்பெனிக்கே லெட்டர் போட்டான்.

சால்டரிங் சார்:
சரிதான். ஆனா அதை "முதல் ஈஸ்டர் எக்"னு (கேமுக்குள்ள ஒளிச்சு வைக்கிற ரகசியத்துக்கு அதுதான் பேர்) எழுதிடாதீங்க. அடாரியோட 1977 ஆர்கேட் கேம் "ஸ்டார்ஷிப் 1"ல ரான் மில்னர் "ஹாய் ரான்!"னு ஒளிச்சு வச்சிருந்தது 2017லதான் வெளிய வந்துச்சு. நாப்பது வருஷம்!

ஊதிப்போட்ட கேசட்:
நன்றி சார். கேசட் ஸ்டிக்கர்ல பேனாவால ரெண்டு பேரையும் எழுதிட்டேன். தெராஷிமாவுக்குச் சின்ன ரவா, பெரிய றாவா?

சால்டரிங் சார்:
சின்ன ர தம்பி.