எம்ஆர்ஐயில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் முதுகு வலி போகவில்லை. அக்குபங்சர், யோகாவை நம்பலாமா?

தூக்கம்தொலைத்தவன்:
கீழ்முதுகு வலி ஒரு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகு எலும்புகள் இரண்டுக்கு நடுவில் இருக்கும் மெத்தை மாதிரியான தட்டு) லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம், அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். குனிந்து சாக்ஸ் மாட்டுவதற்கே கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து காலைத் தூக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தர் அக்குபங்சர் போ என்கிறார், இன்னொருத்தர் யோகா என்கிறார், கடைசியாகப் பார்த்த டாக்டர் "எல்லாம் மனசுதான்" என்கிற தொனியில் பேசினார், எரிச்சலாக வந்தது. ஆராய்ச்சிகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

பிசியோ_பக்கம்:
முதலில் ஒன்று: சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலவீனமாகிக்கொண்டே வருவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் இங்கே படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அது இல்லையென்றால், அந்த ஸ்கேன் அறிக்கையை அவ்வளவு பயத்தோடு பார்க்க வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை வைத்து 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. டிஸ்க் பிதுக்கம் 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள்.

அப்படியானால் உங்கள் வலி பொய்யா? இல்லவே இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில் பலருக்கு நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடுகிறது, தண்டுவடத்திலேயே சின்ன சமிக்ஞையும் பெரிதாகிவிடும். வெயிலில் கன்றிய தோலில் சட்டை பட்டாலே எரிகிற மாதிரி. நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் உல்ஃப் 1983இலேயே இதை விலங்குச் சோதனையில் காட்டிவிட்டார். தூக்கக் கேடு, பயம், மன அழுத்தம் எல்லாம் இந்தக் கூருணர்வை ஏற்றிவிடும், அதைத்தான் அந்த டாக்டர் அரைகுறையாகச் சொல்லி உங்களைப் புண்படுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஊசிக்குப்_பயம்:
அக்குபங்சர் விஷயத்தில் யாரும் அடித்துப் பேசாதீர்கள். 2007இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆறு மாதத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம், தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சரில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. அதாவது ஊசி குத்துகிற புள்ளி முக்கியமே இல்லை போல! வழிகாட்டுதல்களும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் முதுகு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது, அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர் சங்கம் 2017இல் முயற்சி செய்யலாம் என்றது.

பிசியோ_பக்கம்:
@ஊசிக்குப்_பயம் சரிதான். ஆனால் நோயாளிக்குக் கொஞ்சம் வலி குறைந்து, அந்த இடைவெளியில் நடக்க ஆரம்பிக்கிறார் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். மல்லாந்து படுத்து ஊசி வாங்கிக்கொண்டு வீட்டில் போய் மறுபடியும் படுத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

தூக்கம்தொலைத்தவன்:
சரி, இதையெல்லாம் விட்டுவிட்டு வலுவான மாத்திரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டால்?

மருந்தாளுநர்_மாலை:
ஓபியாய்டை, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்தைச் சொல்கிறீர்கள் என்றால், 2018இல் ஓர் அமெரிக்கச் சோதனை. முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்காரர்களை 12 மாதம் கவனித்தார்கள். ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாட இயக்கம் மற்ற மருந்து எடுத்தவர்களை விட மேம்படவில்லை, வலி கொஞ்சம் கூடவே இருந்தது, பக்க விளைவும் அதிகம். இன்னொன்று, "மூலிகைதானே" என்று மஞ்சள் சத்து மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

பிசியோ_பக்கம்:
யோகாவோ நடையோ, உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள், எந்த உடற்பயிற்சி என்பதை விட விடாமல் செய்வதுதான் கணக்கு. நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் எழ முடியாமல் கிடக்காதீர்கள். பத்து நிமிஷம் நடந்தால் வலி ஏறுகிறதா, ஏழு நிமிஷத்தில் நிறுத்துங்கள், வலி குறைவான நாளிலும் அதே ஏழுதான், அடுத்த வாரம் ஒரு நிமிஷம் கூட்டுங்கள். தூக்கத்துக்கும் வலிப் பயத்துக்கும் அறிவுசார் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றப் பழக்கும் முறை, சிபிடி) தெரிந்த உளவியலாளர் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அதற்காக உங்களுக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை.