புதுப்பிப்பு: மணி மறுபடி நடக்கிறான்

எங்கள் டாஷ்ஹண்ட் நாய் மணிக்கு முதுகுத்தண்டு வட்டு (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) இரண்டாவது முறையாகப் பிதுங்கி, பின்னங்கால்கள் தள்ளாடுவதாக முன்பு எழுதியிருந்தேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. நடக்கிறான்!

கூண்டு ஓய்வுதான், அதாவது ஓடவிடாமல் கூண்டுக்குள்ளேயே வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. போன தடவை வலி மாத்திரையிலேயே பத்து நாளில் துள்ள ஆரம்பித்தான், நானும் வெளியே விட்டுவிட்டேன். வலி குறைவது வேறு, வட்டு ஆறுவது வேறு என்று அப்போது புரியவில்லை. இந்த முறை சிறுநீர் கழிக்க மட்டும், வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கியபடி கூட்டிப்போனேன். இரவில் முனகினால் கூண்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன்.

கழுத்துப்பட்டை போய் மார்புப்பட்டை வந்துவிட்டது. இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது; பயிற்சி தொடர்கிறது. அப்புறம் ஒன்று: கால்கள் முழுக்கச் செயலிழந்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.