ஷெல் ஸ்கிரிப்ட்: ஸ்பேஸ் விட்டாலும் தப்பு, விடாவிட்டாலும் தப்பு. எங்கிருந்து தொடங்குவது?

பி.டி.எம்_திண்டுக்கல்:

வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல், படித்தது பி.எஸ்சி. வேதியியல். ஏழு மாதமாக பெங்களூரில் ஒரு சப்போர்ட் டீமில் இரவு ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் முன் 12 சர்வரிலும் ஒவ்வொன்றாக லாகின் செய்து, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, லாக் ஃபைலில் 'எரர்' எத்தனை வரியில் வந்திருக்கிறது என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரு மெயிலில் போட்டு அனுப்ப வேண்டும். முக்கால் மணி நேரம் போகிறது. தூக்கக் கலக்கத்தில் எண்ணை மாற்றிப் போட்டு இரண்டு முறை பேச்சும் வாங்கியாச்சு.

இந்தக் கட்டளைகளை எல்லாம் ஒரே ஃபைலில் வைத்து ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'கவுண்ட் = 5' என்று எழுதினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஸ்பேஸை எடுத்தால் சரியாகிறது. சரி, ஸ்பேஸ் கூடாது போல என்று நிபந்தனை பார்க்கும் இஃப் வரியில் சதுர அடைப்புக்குறியை ஒட்டி எழுதினால் அங்கேயும் அதே 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. அப்புறம் 'மார்ச் ரிப்போர்ட்.லாக்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதை லூப்பில் (ஒவ்வொரு ஃபைலுக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் பகுதி) விட்டால் 'மார்ச்' தனியாக, 'ரிப்போர்ட்.லாக்' தனியாகத் தேடிவிட்டு இரண்டுமே இல்லை என்கிறது. வீடியோ நிறைய பார்த்தேன், எல்லோரும் விதியைச் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா? பேசாமல் பைத்தானுக்கே போய்விடலாமா?

ஒயிட்ஃபீல்ட்_ரூட்:

தம்பி, மனப்பாடம் வேண்டாம். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். (கைப்பேசியில் தமிழ் கீபோர்டில் தட்டுகிறேன், கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல். அது ஒரு வரியைப் பார்த்ததும் அதை ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் துண்டு துண்டாக வெட்டுகிறது. முதல் துண்டு கட்டளையின் பெயர், மீதி எல்லாம் அந்தக் கட்டளையிடம் கொடுக்கப்படும் பொருள்கள். 'கவுண்ட் = 5' என்றால் 'கவுண்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதனிடம் = என்பதையும் 5 என்பதையும் கொடு' என்று அர்த்தம். அப்படி ஒரு கட்டளை கிடையாது, அதனால்தான் நாட் ஃபவுண்ட். இப்போது சதுர அடைப்புக்குறிக்கு வாருங்கள். அது வெறும் குறி கிடையாது, அந்த [ என்பதே ஒரு கட்டளை! பெரும்பாலான லினக்ஸில் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் பின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும். அதை அடுத்த சொல்லோடு ஒட்டி எழுதினால் பெயர் மாறிவிடுகிறது, தேடிக் கிடைக்காமல் போகிறது.

மூன்றாவதுதான் எல்லோரையும் கடிப்பது. வேரியபிள் (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) இருக்கும் இடத்தில் அதன் மதிப்பை வைத்த பிறகு, ஷெல் அந்த மதிப்பையும் வெட்டுகிறது. 'மார்ச் ரிப்போர்ட்.லாக்' இரண்டானது அங்கேதான். டபுள் கோட்ஸுக்குள் "$எஃப்" என்று வைத்துவிட்டால் வெட்டாது. லூப்பிலும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டைக் கொடுக்காமல் நேரடியாக *.லாக் என்று கொடுங்கள். அந்த நட்சத்திரத்தை விரித்து ஃபைல் பெயர்களாக்குவதும் ஷெல்தான், பொருந்தும் ஃபைல் இருக்கும்வரை, சொல்லைத் தேடும் கிரெப்புக்கோ எல்எஸ்ஸுக்கோ நட்சத்திரம் போய்ச் சேருவதில்லை.

நம்பிக்கை வராவிட்டால் பாஷ் -எக்ஸ் (பாஷ் என்பது லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஷெல்) போட்டு ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் வெட்டி முடித்த பிறகு எப்படி இருக்கிறது என்று ஒரு கூட்டல் குறியோடு காட்டும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் நாளே இதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது இஃப். அது ஒரு கட்டளையை ஓட்டி, அது என்ன எண்ணோடு முடிந்தது என்று பார்க்கிறது. 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. அதனால் அடைப்புக்குறியே இல்லாமல் 'இஃப் கிரெப் -க்யூ எரர்' என்று நேராக எழுதலாம். இஃப் எழுதி முடிக்க அதையே திருப்பிப் போட்டு 'ஃபி' என்கிறோம் இல்லையா, 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்ன் ஆல்கால் 68 மொழியிலிருந்து எடுத்த பழக்கம் அது. லூப்பில் வரும் டூ மட்டும் திருப்பிப் போடாமல் 'டன்' ஆனது, ஏனென்றால் 'ஓ-டி' என்ற பெயரில் வேறொரு கட்டளை ஏற்கெனவே இருந்தது. பாஷ் 1989-ல் வந்தது, அந்த இலக்கணத்தையே வைத்துக்கொண்டது.

பைத்தானும் படியுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் சொன்ன வேலை நாலு கட்டளையை வரிசையாக ஓட்டுவது, அதற்கு ஷெல்லே போதும். இன்று ஷிஃப்ட் முடிந்ததும் ஹிஸ்டரி என்று அடித்து, ராத்திரி நீங்கள் கையால் அடித்ததை அப்படியே ஒரு ஃபைலில் ஒட்டுங்கள். உங்கள் முதல் ஸ்கிரிப்ட் அதுதான். எழுதியதை ஷெல்செக் என்ற கருவியில் போட்டால் கோட்ஸ் விட்ட இடமெல்லாம் வரி எண்ணோடு சொல்லிவிடும்.

அல்சூர்_ஸ்டுடியோ:

நான் ஐ.டி. ஆள் இல்லை, அல்சூர் ஏரிப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா போனது. கேமரா ஃபைல் எண் 0001-லிருந்து 9999 வரை போய்த் திரும்ப ஆரம்பிக்கும், இரண்டிலும் ஒரே பெயரில் படங்கள் இருந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்கு நகர்த்த எம்வி போட்டு ஒரு லூப் எழுதினேன். ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை, ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிட்டது. தாலி கட்டும் நேரத்துப் படங்கள் அதில் போயின. கார்டை அதுவரை ஃபார்மட் செய்யாமல் வைத்திருந்ததால் அந்தக் குடும்பத்துக்கு முகம் கொடுக்க முடிந்தது. அன்றிலிருந்து எம்வி என்றால் -என் போடாமல் அடிப்பதில்லை, ஏற்கெனவே அந்தப் பெயரில் இருந்தால் தொடாது. புது லூப் எழுதினால் முதல் ஓட்டத்தில் கட்டளைக்கு முன்னால் எக்கோ சேர்த்து, என்ன செய்யப் போகிறது என்று திரையில் படித்துவிட்டுத்தான் எக்கோவை எடுப்பேன்.

தமிழ்_டெர்மினல்:

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைலின் பெயரும் வேரியபிளின் மதிப்பும் தமிழில் இருக்கலாம், வேரியபிளின் பெயர் மட்டும் தமிழில் இருந்தால் பாஷ் ஏற்காது. எண்ணும்போதும் கவனம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லை, எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளையில் -சி (பைட் எண்ணிக்கை) போட்டு எண்ணினால் 15 வரும், -எம் (குறிகளின் எண்ணிக்கை) போட்டால் 5 வரும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், மி-யின் மேல்விலங்கும் ழ்-இன் புள்ளியும் தனிக்குறிகள். எக்கோவின் வெளியீட்டை நேராக டபிள்யூசிக்கு அனுப்பினால் (பைப் செய்தால்) வரி முடிவுக்கு இரண்டிலும் ஒன்று கூடும்.

பி.டி.எம்_திண்டுக்கல்:

அண்ணே, பாஷ் -எக்ஸ் போட்டதும் கண்ணெதிரே தெரிந்துவிட்டது, ரொம்ப நன்றி. இப்போது சர்வர் பெயர்களை ஒரு ஃபைலில் எழுதி, வரி வரியாகப் படிக்கும் ஒயில் ரீட் லூப் போட்டு ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்ஹெச் (இன்னொரு சர்வருக்குள் நுழையும் கட்டளை) செய்கிறேன். முதல் சர்வர் மட்டும் வருகிறது, அதோடு லூப் முடிந்துவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை. இரண்டு மணி நேரமாகத் தேடுகிறேன்.

ஒயிட்ஃபீல்ட்_ரூட்:

இதில் மாட்டாதவர்களே கிடையாது. லூப் எந்த ஃபைலிலிருந்து பெயர்களைப் படிக்கிறதோ, அதையே எஸ்எஸ்ஹெச்சும் தன் உள்ளீடு என்று நினைத்து, மீதி 11 பெயரையும் உறிஞ்சிவிடுகிறது. திரும்பி வந்தால் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. எஸ்எஸ்ஹெச் -என் என்று போடுங்கள், தொடாது.

பி.டி.எம்_திண்டுக்கல்:

12-ம் வந்துவிட்டது அண்ணே! பத்து செகண்டு கூட ஆகவில்லை. குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானில் போட்டு 5.45-க்கு தானாக ஓட விடலாமா?

ஒயிட்ஃபீல்ட்_ரூட்:

விடலாம், ஆனால் இரண்டு விஷயத்தைச் சரிசெய்துவிட்டு விடுங்கள். கிரான் ஓட்டும்போது பாத் வேரியபிள் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) உங்கள் டெர்மினலில் இருப்பது போல இருக்காது, மிகக் குறுகலாக இருக்கும், அதனால் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள். இரண்டாவது முக்கியமானது. பொருந்தும் வரிகளை எண்ணும் கிரெப் -சி, 'எரர்' இல்லாத லாகுக்கு 0 என்று காட்டி, முடியும் எண்ணாக 1 கொடுக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்குத் தொடர்பே கிடைக்கவில்லை என்றால் 255. இரண்டையும் பிரித்துப் பார்த்து, 255 வந்த சர்வருக்கு எதிரே 'தொடர்பு இல்லை' என்று தனியாக எழுத வையுங்கள். ஒரு சர்வர் விழுந்து கிடக்கும்போது உங்கள் மெயிலில் அதற்கு எதிரே பூஜ்யமோ வெற்றிடமோ போகக் கூடாது, படிப்பவர் அதை நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்வார். முதல் ஒரு வாரம் கையாலும் பார்த்து ஒப்பிடுங்கள்.